இனி மருந்தில்லை என்று சொல்லப்பட்ட வீட்டில் விசுவாசமும் தாழ்மையும்: கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"இனி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய நோயாளிக்கும், அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும், நோயாளர் சந்திப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பங்கு மக்களுக்கும் இக்கட்டுரையை எழுதுகிறேன். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, காரங்காடு தொடங்கி பாம்பன், தங்கச்சிமடம் வழியாக மூக்கையூர் வரை பரவியிருக்கும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களே என் மனத்தில் முன்னால் நிற்கிறார்கள். ஆயினும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தேகோஸ்தே சபையாரும் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் இதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

சாவு நெருங்கும் வீட்டில் விசுவாசம் என்றால் கலங்காமல் பேசுவது, கண்ணீர் விடாமல் இருப்பது, குணமாகிவிட்டேன் என்று உரக்க அறிக்கையிடுவது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். இவ்வீடுகளுக்கு நெடுங்காலம் போய்வந்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. உண்மையைக் கேட்கவும், உதவியை வாங்கிக்கொள்ளவும், மன்னிப்புக் கேட்கவும், விளங்காததை ஆண்டவரிடமே விட்டுவிடவும் தாழ்ந்துகொடுத்தவர்களிடத்தில்தான் விசுவாசம் கடைசிவரை தங்கியது. அந்தத் தாழ்மையை அன்றாட வேலைகளில் எப்படிக் கைக்கொள்வது என்பதையே கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: உண்மையை மறைக்காமல் தொடங்குங்கள்

இராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு திரும்பும் அந்தப் பயணத்திலேயே, அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்ற முடிவைப் பிள்ளைகள் எடுத்துவிடுகிறார்கள். பரமக்குடி தாண்டுவதற்குள் மகன் கைபேசியில் தங்கையிடம் குரலைத் தாழ்த்திப் பேசி முடித்திருப்பான். முன் இருக்கையில் கண்ணை மூடியிருக்கும் தகப்பன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல நடந்துகொள்வார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மறைப்பு நோயாளியைத் தன் வீட்டுக்குள்ளேயே தனிமைப்படுத்திவிடுகிறது. தன் சாவைப் பற்றி ஆண்டவரிடம் பேசத் தொடங்கியிருப்பவர், அதைத் தன் மனைவியிடம் பேச முடியாமல் போகிறார்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நோய் இனி எந்த வழியில் போகும், என்னென்ன தொந்தரவுகள் வரலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன மருந்து, நள்ளிரவில் ஒன்று நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது. சிகிச்சை விவரச் சுருக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள் என்று அழுத்திக் கேட்காதீர்கள். அதைத் துல்லியமாகச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது, சொன்ன எண்ணை மனத்தில் பிடித்துக்கொண்டு குடும்பம் நாள் எண்ணத் தொடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்தபின், நோயாளி நம்பும் ஒருவர் மட்டும் அவர் அருகில் உட்கார்ந்து, "அப்பா, டாக்டரு சொன்னதச் சொல்லட்டா? எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல எங்ககிட்டயே இருக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். கேட்டபின் பேசாமல் இருங்கள். சிலர் முழுவதையும் கேட்பார்கள்; சிலர் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள்; சிலர் வேண்டாம் என்பார்கள். மூன்றுக்கும் மதிப்புக் கொடுங்கள். எசேக்கியா அரசன் சாகக் கிடந்தபோது இறைவாக்கினர் எசாயா வந்து, நீ பிழைக்கமாட்டாய், உன் வீட்டை ஒழுங்குபடுத்து என்று நேராகவே சொன்னார் என்று அரசர்கள் இரண்டாம் நூலின் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. அரசன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பி அழுதான். அந்த அழுகையை ஆண்டவர் கண்டித்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை.

இரண்டாம் படி: வலிக்கு மருந்து கேளுங்கள்

கடைசிக் கட்டத்தில் விசுவாசத்தை முதலில் அசைப்பது சாவைப் பற்றிய பயத்தைவிட வலிதான் என்பது என் கணிப்பு. இரவு முழுவதும் துடித்தவருக்குக் காலையில் வாசிக்கும் திருப்பாடல் காதில் ஏறாது. ஆகவே செபக்குழுவை அழைப்பதற்கு முன்பே வலியைக் கவனியுங்கள்.

"ஆண்டவர் சிலுவையில் மாத்திரையா போட்டுக்கொண்டார்?" என்று கேட்டு மருந்தைத் தள்ளும் பெரியவர்கள் உண்டு. வெள்ளைப்போளம் கலந்த திராட்சை மதுவை இயேசு ஏற்கவில்லை என்று மாற்கு 15:23 சொல்வதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அது அவர் தாமாகத் தெரிந்துகொண்டது. நம்மீது சுமத்திய சட்டம் அன்று. அதே இயேசு தாகத்தோடு இருந்தபோது நீட்டப்பட்ட புளித்த திராட்சை இரசத்தைப் பெற்றுக்கொண்டார் என்று யோவான் எழுதுகிறார். வலியைத் தணிக்கும் மருந்துகளை, அவை ஆயுளைச் சிறிது குறைக்கக்கூடும் என்ற நிலையிலும், சாவை விரும்பாமல் வலியை அடக்கும் நோக்கத்தோடு மட்டும் கொடுக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரியில் மருத்துவர்களுக்கு விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2279ஆம் எண்ணில் அதையே சொல்கிறது. பயனுக்கு மிஞ்சிய சுமையாகிவிட்ட சிகிச்சையை நிறுத்திக்கொள்வதும் தகும் என்று 2278ஆம் எண் கூறுகிறது. ஆகவே இன்னொரு முறை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாததற்காகப் பிள்ளைகள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரே படைத்தார், அறிவுள்ளவர் அதைப் புறக்கணிக்கமாட்டார் என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் சொல்வதையும் அந்தப் பெரியவருக்கு வாசித்துக் காட்டலாம். எசேக்கியாவுக்கே அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னவர் ஆண்டவரின் வாக்கை அவருக்குக் கொண்டுவந்த அதே எசாயாதான்.

இனி செய்ய வேண்டியவை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ வலியையும் தொந்தரவுகளையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை எங்கே தருகிறார்கள் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும்; உங்கள் ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நோயாளியின் பெயரைப் பதிந்துவையுங்கள். கடும் வலிக்கு மருத்துவர் மார்பின் மாத்திரை எழுதினால் அஞ்ச வேண்டாம். வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்பின் ஒருவரைப் போதைக்கு அடிமையாக்குவது அரிது. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்யப்பட்ட திருத்தம், நோயாளிகளுக்கு இது கிடைப்பதை எளிதாக்கவே வந்தது. ஆனாலும் சாதாரண மருந்துக்கடையில் கிடைப்பது அரிது. தீர்ந்துபோகும் முன்பே அடுத்த சீட்டை வாங்கிவிடுங்கள். சாதாரண மார்பின் மாத்திரையின் வீரியம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும் என்பதால், வலி வந்தபின் கொடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், அவை அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் மணி, மாத்திரை, வலி எப்படி இருந்தது என்று எழுதிவாருங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பயன்படும் ஆவணம் வேறு இல்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மூன்றாம் படி: சாமியாரை முன்னதாகவே அழையுங்கள்

குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டும் அருட்சாதனத்தை நம் ஊர்களில் பெரியவர்கள் இன்னும் அவஸ்தை பூசுதல் என்றே சொல்கிறார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் சாமியாரை அழைத்துவர உபதேசியாரை ஓடவிடுகிறார்கள். சாமியார் வாசலில் வந்து நின்றால் சாவு வந்துவிட்டது என்ற பயமே இதற்குக் காரணம். இந்த அருட்சாதனம் உயிர் பிரியும் தருணத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் தெளிவாக்கியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் அதன் சடங்கையே அதற்கேற்பத் திருத்தினார். கடும் நோயில் விழுந்தவுடன் பெறலாம். தேறி மீண்டும் விழுந்தால் மறுபடியும் பெறலாம், அதே நோய் முற்றினாலும் பெறலாம். ஆண்டுதோறும் பெரிய வாரத்தையொட்டி ஆயர் மந்திரிக்கும் நோயாளர் எண்ணெயைக் குருவானவர் நெற்றியிலும் கைகளிலும் பூசுவார்.

நோயாளிக்கு நினைவும் பேச்சும் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன். அப்போதுதான் அவர் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியும். நன்மை, அதாவது நற்கருணை, வாங்க முடியும். குருவானவரிடம் தன் பயத்தைக் கேட்க முடியும். சிறிய மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி இவை போதும். பாவசங்கீர்த்தனத்தின்போது மனைவி உட்பட எல்லாரும் வெளியே போய்விடுங்கள். ஒரே அறையுள்ள வீட்டில் எல்லாரும் திண்ணைக்கு இறங்கிவிட்டால் போதும். நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவர்களும் சற்று முன் கஞ்சி குடித்திருந்தாலும் நன்மை வாங்கத் தடையில்லை. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அப்பத்தின் சிறு துணுக்குப் போதும் என்பதைக் குருவானவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்களானால் உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கக் கேட்கலாம்.

நான்காம் படி: உடம்பைப் பிறர் கையில் கொடுத்தல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான ஆண்கள் தடுமாறுகிறார்கள். வாடைக்காற்றில் விசைப்படகு ஓட்டியவருக்கு, சங்கு குளித்தவருக்கு, கரைவலை இழுத்தவருக்கு, தன் இடுப்புத்துணியை இன்னொருவர் மாற்றுவது நோயைவிடப் பெரிய அவமானமாகத் தெரிகிறது. பாசி எடுக்கத் தீவுக்குப் போய் வீட்டையே தாங்கிய பெண்களும், மருமகள் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கக் கூசுகிறார்கள். விசுவாசத்தில் குறையில்லாதவர்களும் இங்கே மனம் முறிந்து, "என்னை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

பேதுருவும் கடலோடிதான். யோவான் நற்செய்தி அவரை இரண்டு இடங்களில் இதே இக்கட்டில் நிறுத்துகிறது. 13ஆம் அதிகாரத்தில் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு கால் கழுவ வந்தபோது, நீர் என் காலைக் கழுவ விடவேமாட்டேன் என்று பேதுரு மறுக்கிறார்; கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று பதில் வருகிறது. 21ஆம் அதிகாரத்தில் அதே பேதுருவிடம், இளைஞனாக இருந்தபோது நீயே இடையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையிலோ நீ கைகளை விரிப்பாய், வேறொருவர் உன்னைக் கட்டி நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்று இயேசு சொல்கிறார். சொன்ன கையோடு, என்னைப் பின்தொடர் என்றும் சொல்கிறார். பிறர் காலைக் கழுவுவது தாழ்மை என்று பெரிய வியாழன்தோறும் கேட்கிறோம். கழுவக் காலைக் கொடுப்பதும் அதே அளவு தாழ்மைதான், பலருக்கு அது இன்னும் கடினமானது என்பதை நோயாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பாம்பன் பக்கத்தில் படகோட்டியாக இருந்த ஒருவர், வாயில் புற்று வந்து எலும்பும் தோலுமாகிவிட்ட பிறகும், இரவில் யாரையும் எழுப்பாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே கழிப்பறைக்குப் போய் இருமுறை விழுந்தார். மனைவி அலுமினியச் சட்டியில் வெந்நீர் கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் அந்த 21ஆம் அதிகாரத்தை வாசித்தோம்; அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த அம்மாள் துண்டைப் பிழிந்து பாதத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தபோது, கயிறு அறுத்துக் காய்ப்பேறிய வலது கையை அவரே மெல்லத் தூக்கி அவளிடம் நீட்டினார். அக்குளைத் துடைக்க வசதியாக அதை உயர்த்தியும் பிடித்தார். அதன் பிறகு இரவில் மணி அடித்து அவளைக் கூப்பிடத் தொடங்கினார், விழவும் இல்லை.

பார்த்துக்கொள்பவர்கள் அறிய வேண்டியது இது. தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுங்கள். துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைப் போர்த்தியே வையுங்கள். ஆண்களுக்கு மகனோ மைத்துனனோ, பெண்களுக்கு மகளோ சகோதரியோ செய்வது இயன்றால் நல்லது. முகம் துடைப்பது, பல் துலக்குவது போல அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். எந்தச் சட்டை, கஞ்சியா இளநீரா, யார் உள்ளே வரலாம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று நாள்தோறும் பாருங்கள், ஏனெனில் படுக்கைப்புண் வந்தபின் ஆற்றுவது மிகக் கடினம். "நான் உங்களுக்குப் பாரமாகிட்டேன்" என்று அவர் சொல்லும்போது, அப்படியெல்லாம் இல்லை என்று அவசரமாக வாயடைக்காதீர்கள். பாரம்தான், நாங்கள் விரும்பிச் சுமக்கிறோம் என்று சொன்னால் அவர் நம்புவார்.

ஐந்தாம் படி: குணமாக்கக் கேட்பதும் விட்டுக்கொடுப்பதும்

குணமாக்க வேண்டும் என்று கேட்பது தவறில்லை. கெத்சமனியில் இயேசுவே, இந்தக் கிண்ணம் நீங்கட்டும் என்று முதலில் கேட்டார். உம் விருப்பப்படியே ஆகட்டும் என்பது அதன்பின் வந்தது. ஆகவே நேர்த்திக்கடன் வையுங்கள். தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். புனித அருளானந்தர் உயிர் கொடுத்த ஓரியூரின் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள்.

ஓரியூர் வரலாற்றை முழுமையாக நினைவில் வைக்கவும் வேண்டும். மறவர் சீமையின் தடியத்தேவர் நோயினின்று குணம் பெற்று, ஜான் டி பிரிட்டோ என்னும் புனித அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற்றார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தத் திருமுழுக்குக்காகவே பல மனைவியருள் ஒருவரைத் தவிர மற்றவர்களை அவர் விலக்க நேர்ந்தது; அவர்களுள் மறவர் சீமை அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண் ஒருத்தியும் இருந்ததால், அரசரின் சினம் அருளானந்தர்மேல் திரும்பியது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. சிறையிலிருந்து தம் உடன் குருக்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் புலம்பல் இல்லை. குணமடைந்தவரும் குணத்துக்கு வழிவகுத்துத் தாம் உயிர் கொடுத்தவரும் ஒரே வரலாற்றில் நிற்கிறார்கள். முன்னவருக்கு விசுவாசம் மிகுதி, பின்னவருக்குக் குறைவு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. குணமாகாமல் படுத்திருக்கும் நம் வீட்டவரையும் அப்படிச் சொல்லக்கூடாது. பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, என் அருள் உனக்குப் போதும் என்ற பதிலே கிடைத்தது.

குணமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போனால் இரண்டு எல்லைகளை விடாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராயினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். காணிக்கையின் அளவையும் குணத்தையும் இணைத்துப் பேசுபவரிடமிருந்தும் அவ்வாறே. இன்னொன்றும் நம் ஊரில் உண்டு: யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும், போன ஆண்டு திருவிழாவுக்கு வரி கொடுக்காததால் வந்தது என்றும், தகப்பன் செய்த பாவம் என்றும் காரணம் தேடுவார்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார். காரணம் தெரியாதபோது தெரியாது என்று ஒத்துக்கொள்வதும் ஆண்டவருக்கு முன் தாழ்ந்திருப்பதே.

செபிக்க முடியவில்லை என்று நோயாளி சொல்வார், சொல்லாமலும் இருப்பார். ஐம்பத்துமூன்று மணி செபமாலையை முடிக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஒரு பத்து மணி போதும். அதுவும் முடியாதபோது மணியைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள். "இயேசுவே, என்னை நினையும்" என்று சிலுவையில் தொங்கிய கள்வன் சொன்ன அளவுக்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோபமாக இருப்பவருக்கு 88ஆம் திருப்பாடலை வாசியுங்கள். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, இறுதியில் ஆறுதல் வரி கூடக் கிடையாது. ஆனாலும் திருவிவிலியத்துக்குள் செபமாகவே இருக்கிறது. அதை வாசித்துக் கேட்ட ஒருவர், "இப்படியும் பேசலாமா ஆண்டவர்கிட்ட?" என்று கேட்டு, அன்று மாலையே நெடுநேரம் பேசினார் என்று அவர் மகள் என்னிடம் சொன்னாள்.

சந்திக்க வருகிறவர்களுக்கு

மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியம் ஆகியவற்றிலிருந்து வருகிறவர்கள் இரண்டிரண்டு பேராக வாருங்கள். வருமுன் கேட்டுவிட்டு வாருங்கள். நாற்காலியில் அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். இன்ன ஊரில் இன்னாருக்கு இதே நோய் வந்து என்னவாயிற்று என்ற கதையை வாயில் எடுக்கவே வேண்டாம். கடல் நிலவரம், ஏல விலை, பேரப்பிள்ளையின் பரீட்சை என அவர் பேச விரும்புவதைப் பேசுங்கள். கால்மணி நேரம் போதும். போகும்போது சமைத்த மீன் குழம்பையோ, அன்றிரவு விழித்திருக்க ஓர் ஆளையோ விட்டுச்செல்லுங்கள். மனைவிக்கு ஓர் இரவுத் தூக்கம் கிடைப்பது பத்துச் செபக்கூட்டத்துக்கு நிகர்.

ஆறாம் படி: கணக்கும் பகையும்

வீட்டை ஒழுங்குபடுத்து என்று எசாயா சொன்னதை நம் ஊருக்கு ஏற்ப விரித்தால் இப்படி வரும்: படகு யார் பேரில் பதிவாகியிருக்கிறது, பங்கு எத்தனை, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, அடகில் இருக்கும் நகை எங்கே, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகமும் மீனவர் நல வாரிய அட்டையும் யாரிடம் உள்ளன, வங்கிக் கணக்கில் நியமனதாரர் யார். இவற்றை நோயாளியே சொல்ல, மூத்த பிள்ளை எழுதி, மனைவிக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். பெண்ணுக்குத் தெரியாமல் இக்கணக்கை முடித்த வீடுகளில் பின்னாளில் அவளே வட்டிக்காரரிடம் சிக்கினாள்.

பகைதான் கடினம். அண்ணன் தம்பிக்குள் படகுப் பங்கில் வந்த பிளவு, கோயில் கமிட்டியில் வந்த வாய்ச்சண்டை, சாதி கடந்த திருமணத்தால் வாசல் மிதிக்காத மகள் என ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. நோயாளி மனம் வைத்தால் குருவானவரோ இரு பக்கத்துக்கும் வேண்டியவரோ போய் அழைத்து வரலாம். யார் சரி என்ற வழக்கை மறுபடி திறக்க வேண்டாம். "நான் பேசினது தப்பு, மன்னிச்சிரு" என்ற அளவில் நிற்கட்டும். வர மறுப்பவர்களும் உண்டு. அப்போது நோயாளி சொல்ல விரும்பியதைக் கைபேசியில் பதிந்து அனுப்பலாம். கேட்பதும் கேட்காததும் அவர்கள் பொறுப்பு. நெடுநாள் துன்புறுத்திய கணவனை மன்னித்தே ஆக வேண்டும் என்று மனைவியை யாரும் நெருக்காதீர்கள். மன்னிப்பு கேட்க வேண்டியவன் அவன்தான், கொடுப்பது அவள் விருப்பம்.

கடைசி நாட்கள்

பசி முற்றிலும் அற்றுப்போகும். உடம்பு தானே உணவை வேண்டாம் என்கிறது. பட்டினியால் சாகிறார் என்று பதறி ஊட்டாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றும் வழக்கத்தை அன்போடு தடுத்துவிடுங்கள், அது மூச்சுக்குழாயில் இறங்கித் திணறச் செய்யும். சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கினால் போதும். கைகால் குளிரும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் சளி கரகரக்கும். அந்தக் கரகரப்புப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தரும் வேதனையை அவருக்குத் தருவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் குறையும். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கக்கூடும் என்பதால், சொத்துப் பேச்சையும் அடக்கச் செலவுப் பேச்சையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போயிருந்தால் முன்பே முடிவெடுங்கள்: இந்த முறை யார் கரையில் நிற்பது, சேதி சொல்ல எந்தப் படகைத் தொடர்புகொள்வது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலமானால் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் மகன் வந்து சேராமலே முடிந்துவிடவும் கூடும். அப்படி நேர்ந்தவனிடம், தகப்பன் கடைசியாக அவனைப் பற்றிச் சொன்ன ஏதேனும் ஒரு வார்த்தையை யாராவது சேர்த்துவைத்திருந்து சொல்லுங்கள்.

மரணத் தறுவாயில் குருவானவர் வந்தால் வழித்துணையாக நற்கருணை கொடுப்பார். அவர் வர முடியாவிட்டால் குடும்பமே செபிக்கலாம்: நல்ல மரணத்தின் பாதுகாவலரான சூசையப்பரை நோக்கிய செபம், உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன் என்ற 31ஆம் திருப்பாடலின் வரி, இயேசுவின் பெயர் ஆகியவற்றைக் காதருகில் மெதுவாக, விட்டுவிட்டுச் சொல்லுங்கள். எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டாம்.

உயிர் பிரிந்ததும் ஓட வேண்டியதில்லை. சவப்பெட்டிக்கும் கோயில் மணி அடிப்பதற்கும் ஆள் அனுப்புமுன் மனைவியும் பிள்ளைகளும் சிறிது நேரம் அருகில் இருக்கட்டும். மிச்சமிருக்கும் மார்பின் மாத்திரைகளை எண்ணி, கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு யாருடைய வலிக்கும் அக்கம்பக்கத்தில் கொடுக்காதீர்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள். நல வாரிய உதவிக்கும் வங்கிக்கும் படகுப் பெயர் மாற்றத்துக்கும் அதுவே அடிப்படை. இந்த அலைச்சலுக்கு அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்பாமல் அன்பியத்திலிருந்து ஒருவர் உடன் போக வேண்டும். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகும் சந்திப்புக் குழு அவ்வீட்டுக்குப் போவதை நிறுத்தக்கூடாது. மாத்திரைக்காக நேரம் பார்த்து எழுந்து பழகியவளுக்கு, நெடுநாள் வரை இரவில் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துகொண்டிருக்கும்.